பின் வலது சக்கரத்தின் நான்கு நட்டுகள்

அந்த வட்டாரத்தில் அவருக்கு 'இன்னொருதரம்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் கடைப் பலகையில்கூடக் கிடையாது. பலகையில் ஒரு சக்கரத்தின் படமும் போன் நம்பரும்தான் இருக்கும். காருக்குப் புது அலாய் வீல் மாட்டி முடித்து, ஜாக்கியை இறக்கி, நட்டு ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைப் பேனாவால் சக்கரத்தையும் சேர்த்து ஒரு கோடு இழுத்துவிட்டு, "நூறு கிலோமீட்டர் ஓடினதும் இன்னொருதரம் வாங்க" என்பார். நட்டு அசைந்திருந்தால் கோடு பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

"ஏன், இப்ப சரியா முடுக்கலையா?" என்று வம்புக்கு இழுப்பவர்கள் உண்டு.

"முடுக்கியாச்சுங்க. ஆனா சக்கரம் ஓடித்தான் உட்காரும்" என்பார். அதற்கு மேல் பேச மாட்டார்.

பேசாததற்குக் காரணம் இருந்தது. முப்பது வயதில் அவர் வேறொரு பட்டறையில் வேலை பார்த்தார். அங்கிருந்து போன ஒரு வண்டியின் முன்சக்கரம் மூன்றாம் நாள் ஓட்டத்தில் கழன்று, ஓரமாக நடந்துபோன ஒரு பெண்மணி இறந்துபோனாள். அந்தச் சக்கரத்தை மாட்டியது அவரில்லை. பக்கத்துச் சக்கரத்தை மாட்டியவர் அவர். துக்க வீட்டுக்குப் போனார், உள்ளே போகக் கால் வரவில்லை, எதிர்ச்சாரியில் நின்றுவிட்டுத் திரும்பினார். அன்றிலிருந்துதான் அந்த 'இன்னொருதரம்'.

நட்டு விஷயத்தில் இவ்வளவு பார்க்கிற மனிதர், மகள் விஷயத்தில் எப்படி இருந்திருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. அவள் ஒருவனை விரும்பினாள். அவன் பெண் கேட்டு நேராகக் கடைக்கே வந்தான். வந்த பைக்கின் நம்பர் பிளேட் ஒரே ஒரு நட்டில் தொங்கிக்கொண்டிருந்தது, மறுபக்கம் கயிற்றால் கட்டியிருந்தது. அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கயிற்றைத்தான் பார்த்தார். "ஒரு நட்டை முடுக்கத் துப்பில்லாதவனுக்கு என் பொண்ணா?" என்று தெருவே கேட்கும்படி கத்தினார். கல்யாணம் அவர் இல்லாமல்தான் நடந்தது. இரண்டு வருடமாக வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. மனைவி மட்டும் மாதம் ஒரு நாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிப்போய்ச் சாயங்காலம் வருவாள். எங்கே போனாய் என்று இவர் கேட்க மாட்டார். அவளும் சொல்ல மாட்டாள். பிடிவாதத்துக்கு இவரைவிட்டால் ஆள் கிடையாது.

அப்படிப்பட்டவர் கடை வாசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கார் ஒன்று வந்து நின்றது. மகள் இறங்கினாள். இடுப்பில் பத்து மாதக் குழந்தை. பின்சீட்டில் நான்கு அலாய் வீல்கள், புது நட்டுகள் பதினாறும் ஒரு பெட்டியில்.

"அக்கா வீட்டுக்குப் போறோம்பா. தூர ஓட்டம். வேற யார் மாட்டினாலும் எனக்கு நிம்மதி இருக்காது" என்றாள். அக்கா என்றது மருமகனின் அக்காவை.

மருமகன் வண்டிக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவனை 'நீ' என்பதா 'நீங்கள்' என்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. "வண்டியைக் கொஞ்சம் முன்னாடி எடுக்கணும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

மூன்று சக்கரம் ஏறும்வரை ஒரு குறையும் இல்லை. நான்காவதற்கு முன் ஒரு வேலை பாக்கியிருந்தது. பழைய இரும்புச் சக்கரத்தின் நட்டுக்கு, சக்கரத்தில் பதியும் முகம் பந்து மாதிரி உருண்டிருக்கும், அலாய் வீல் நட்டுக்குக் கூம்பாக இருக்கும். மரை ஒன்றுதான், அதனால் எந்த நட்டும் எதிலும் ஏறும். ஆனால் முகம் மாறினால் உட்காராது. டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னி இரும்புச் சக்கரம் என்பதால், வழியில் அதை மாட்ட நேர்ந்தால் பழைய நட்டுதான் வேண்டும். இதை மறக்கிற கடைகள் உண்டு. இவர் மறந்ததே இல்லை. பழைய நட்டுகளில் நான்கைப் பொறுக்கி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்துப் புதிது போலாக்கி, துணிப்பையில் போட்டுக் கொடுப்பார்.

அன்றும் ஒரு டப்பா மூடியில் தேய்த்த பழைய நட்டு நான்கும், இன்னொரு மூடியில் புது நட்டு நான்கும் ஸ்டூல் மேல் இருந்தன. அப்போதுதான் மகள் குழந்தையை அவர் மடியில் வைத்தாள். கேட்கவில்லை, வைத்துவிட்டாள். எண்ணெய்க் கையை அவர் சட்டையில் அவசரமாகத் துடைத்துக்கொண்டார். குழந்தை அவர் மூக்கைப் பார்த்தது, மீசையைப் பிடித்து இழுத்தது, அப்புறம் மூடிக்குள் கைவிட்டு ஒரு நட்டை எடுத்தது. வாயில் போட்டுக்கொள்ளப் போகிறதே என்று பதறி இரண்டு மூடிகளையும் எட்டத் தள்ளினார். நட்டு எங்கேயோ விழுந்தது. அவர் குழந்தையின் கையைத்தான் பார்த்தார், தரையைப் பார்க்கவில்லை.

குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்தபடி, கைக்கு எட்டிய மூடியை இழுத்து நான்காவதான பின் வலது சக்கரத்தை முடுக்கினார். போதிய இறுக்கம் வந்ததும் சத்தம் கொடுக்கும் டார்க் ரெஞ்ச் நான்கு முறையும் ஒழுங்காக 'டக்' என்றது. நட்டின் முகம் அந்தக் கருவிக்குத் தெரியாது, இறுக்கம்தான் தெரியும். இன்னொரு மூடியில் இருந்ததை மகள் துணிப்பைக்குள் கொட்டி முடிந்தாள். அவர் கோடு இழுத்தார்.

"வரோம் மாமா" என்றான் மருமகன்.

அவன் வாயிலிருந்து 'மாமா' என்ற வார்த்தை வந்தது அதுவே முதல் தடவை. எல்லோருக்கும் சொல்கிற வாக்கியம் அவர் நாக்கு நுனிவரை வந்தது. இன்னொருதரம் வாங்க. அதை இவனிடம் சொன்னால் உறவு கூப்பிடுவதாக ஆகிவிடுமே என்று விழுங்கிக்கொண்டார். தலையை மட்டும் ஆட்டினார்.

ஒரு மணி நேரம் கழித்துக் கடையைக் கூட்டும்போது, மேஜைக்கு அடியிலிருந்து துடைப்பத்தோடு ஒரு நட்டு உருண்டு வந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தார். கூம்பு முகம். புது நட்டு.

பதினாறும் வண்டியில் அல்லவா இருக்க வேண்டும்?

ஸ்டூல், இரண்டு மூடிகள், குழந்தையின் கை எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பின் வலது சக்கரத்தில் நான்கும் பழையவை. மூன்று புது நட்டு பைக்குள், ஒன்று தன் கையில். சக்கரம் ஓட ஓட அந்த நான்கும் இளகும். அந்தச் சக்கரத்துக்கு நேர் மேலேதான் குழந்தையின் சீட்.

போனை எடுத்தார். மகள் எடுத்ததும், "பாப்பா, வண்டிய ஓரமா நிறுத்தச் சொல்லு. மெதுவா, பிரேக்கை அழுத்தாம. நிறுத்திட்டு மாப்பிள்ளைகிட்ட போனைக் குடு" என்றார். மாப்பிள்ளை என்று சொன்னதை அவரே கவனிக்கவில்லை.

"சொல்லுங்க மாமா. பின்னாடி ஏதோ சத்தம் வருது, ரோடுதான் சரியில்லன்னு நினைச்சோம்."

"ரோடு இல்ல. தப்பு என்னுது. பின் வலது சக்கரத்துல நான் நட்டை மாத்திப் போட்டுட்டேன்." கையிலிருந்த நட்டைப் பார்த்தார். "நட்டு முடுக்கத் தெரியாதவன் நான்தான். கோட்டைப் பார்த்துச் சொல்லுங்க."

கதவு திறக்கும் சத்தம், சரளைக்கல் மிதிபடும் சத்தம். பிறகு அவன் குரல், மெல்ல.

"மூணுல கோடு பிரிஞ்சிருக்கு மாமா. ஒண்ணு கையாலயே சுத்துது."

அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். குழந்தையோடு அவள் இறங்கி மரத்தடிக்குப் போகட்டும். ஜாக்கி போடுங்க. பழையது நாலையும் கழட்டுங்க. பையில இருக்கற மூணையும் போட்டு மாத்தி மாத்தி இறுக்குங்க. ஒரு அடி வண்டியை நகர்த்தக் கூடாது. நான் வரேன்.

அறுபது கிலோமீட்டர் ஸ்கூட்டரில் போனார். நட்டு சட்டைப் பையில், டார்க் ரெஞ்ச் காலுக்கு நடுவில். வழி முழுக்க, முப்பது வயதில் உள்ளே போகாமல் நின்ற அந்த வீட்டு வாசல்தான் கண்ணில் நின்றது.

போய்ச் சேர்ந்தபோது மருமகன் மண்ணில் மண்டியிட்டிருந்தான். முழங்கைவரை கறுப்பு. "துளையைத் துடைச்சுப் பார்த்தேன், கீறல்தான் இருக்கு, அகலலை. மூணையும் ரெண்டு தடவை சரி பார்த்தேன்" என்றான். நட்டு இல்லாத துளையை அவர் தடவிப் பார்த்தார், அவன் சொன்னது சரி. நான்காவது நட்டைப் போட்டார். ஜாக்கியை இறக்கி ரெஞ்ச்சை வைத்தார். அவன் முடுக்கிய மூன்றும் இம்மி அசையாமல் 'டக்' என்றன. அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

பழைய நட்டு நான்கையும் எண்ணிப் பையில் முடிந்து கொடுத்தார். வெள்ளைக் கோடு இழுத்தார். ஒரு கோடு வளைந்துபோனது.

"கிளம்பறோம் மாமா."

"நூறு கிலோமீட்டர் ஓடினதும்..." என்று தொடங்கினார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மகள் வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் பிடித்த பிறகுதான் அவரால் முடிக்க முடிந்தது.

"அங்கேயே ஒரு கடையில காட்டிடுங்க. அப்புறம் திரும்பி வரும்போது இன்னொருதரம் நான் பார்க்கறேன். கடைக்கு வேண்டாம் மாப்பிள்ளை. வீட்டுக்கு வாங்க."

"வரோம் மாமா" என்றான் அவன். காலையில் சொன்ன அதே வார்த்தை.

கார் வளைவில் மறையும்வரை பின் வலது சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மனைவிக்குப் போன் போட்டார்.

"மாசாமாசம் நீ எங்க போறேன்னு எனக்குத் தெரியும்" என்றார். "இந்த மாசம் போக வேண்டாம். அவங்க வராங்க."