சிறைக்குப் போன தோழி

அந்த மே மாதம் நானும், ஷூ கம்பெனியில் பக்கத்து மெஷினில் தைக்கும் என் தோழியும் ஒரு கச்சேரி, ஒரு நாடகம்கூட விடவில்லை. கோயில் திருவிழா, சர்ச் விழா, தர்காவில் கவ்வாலிப் பாட்டு, எங்கே மைக் கட்டினாலும் போய் உட்கார்ந்தோம். கலை ஆர்வம் பாதி, சமையலிலிருந்து தப்பிக்கும் ஆர்வம் மீதி.

விரிஞ்சிபுரத்து நாடகத்தில் ராஜா வேஷம் போட்டவர் எங்கள் சூப்பர்வைசர். நீளமான வசனத்தின் நடுவே முன்வரிசையில் எங்களைப் பார்த்ததும் அவருக்கு வசனம் மறந்துபோனது. பழக்க தோஷத்தில் மந்திரியிடம், "இன்னிக்கு டார்கெட் முடிஞ்சிதா?" என்று கேட்டுவிட்டார்.

கூட்டத்தில் பாதிப் பேர் கம்பெனி ஆட்கள். சிரிப்பு அடங்குவதற்குள் தோழி எழுந்து, "ஓவர்டைம் இருக்குதா சார்?" என்று கத்தினாள்.

ராஜாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "யாரங்கே! அவளைச் சிறையில் அடையுங்கள்!"

காவலர்கள் இறங்கி வந்து, "கோச்சுக்காத அக்கா, மேல வா" என்று கெஞ்சினார்கள். நாடகம் முடியும்வரை அவள் அட்டைக் கம்பிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றாள். ராஜாவைவிட அவளுக்குத்தான் கைதட்டல் அதிகம்.

திங்கட்கிழமை சூப்பர்வைசர் எங்கள் மெஷினருகே வந்து நின்றார். நான் தலை நிமிராமல் தைத்தேன்; அவர் தோழியைப் பார்த்தார்.

"அடுத்த வாரம் மாதனூர்ல நாடகம். கைதியா நடிக்கிறியாம்மா?"

"நடிக்கிறேன் சார். ஆனா வசனம் வேணும்."

அவர் யோசித்தார். "ரெண்டே வரி. அதுவும் என்னைப் பத்தி இருக்கக் கூடாது."