நாலு எண்ணுவதற்குள்

எங்கள் நாடகத்தைப் பற்றி எழுதிய பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் அந்த மௌனத்தைத்தான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். படகு கவிழ்ந்த செய்தி வந்ததும் தாய் வாசல் கதவைப் பார்த்து "வந்துட்டியா?" என்று பாடி நிறுத்துவாள். பன்னிரண்டு எண்ணும்வரை அரங்கத்தில் பேச்சு மூச்சு இருக்காது. பிறகு அவள் அடுத்த வரியைத் தொடங்குவாள், மழை இறங்கும். புத்திர சோகத்தின் உச்சம் என்று ஒருவர் எழுதினார். இன்னொருவர் அதற்கு அரைப் பக்கம் தத்துவம் சொன்னார். உச்சமுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. கயிறு அண்ணன் மேடையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போய்ச் சேர அவ்வளவு நேரம் பிடித்தது, அவ்வளவுதான்.

நான் அந்தக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவன். எண்ணியதெல்லாம் நான்தான்.

திரைகளையும் படுதாக்களையும் ஏற்றி இறக்குகிறவர் என்பதால் அவருக்குக் கயிறு அண்ணன் என்று பெயர் வைத்தோம். ஆள் ஒல்லி, கைகள் மட்டும் பயில்வானுடையவை. "நீங்க பாடுங்க, ஆடுங்க, என்ன வேணா பண்ணுங்க. நான் இழுக்கலேன்னா திரைக்குப் பின்னாலயே ஆடிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்" என்பார். அரங்கத்தின் பின்கட்டில் இரண்டு அறைகளில் அவரும் அண்ணியும் இருந்தார்கள். வேலையோடு வந்த வீடு அது. வேலை போனால் வீடும் போகும். எங்கள் மழை என்பது வெள்ளை நூல்களில் கண்ணாடி மணி கோத்த ஒரு திரை. அறுந்த நூல்களை அண்ணிதான் உட்கார்ந்து கோத்துக் கொடுப்பார்.

நாடகம் தொடங்கிய மூன்றாம் வருடம் உத்தரத்திலிருந்து விழுந்து அண்ணனுக்கு இடுப்பு எலும்பு உடைந்தது. அதுவரை அந்தக் காட்சியில் இடப்பக்கம் வீட்டுச் சுவரைத் தூக்கிவிட்டு, பின்படுதாவுக்கு அப்பால் நாலு எண்ணுவதற்குள் ஓடி, வலப்பக்கம் மழையை இறக்கிவிடுவார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது ஒரு கால் இழுத்தது. இரண்டு கயிறுகளையும் ஒரே பக்கம் கொண்டுவரக் கப்பி மாட்டிப் பார்த்தோம். மணி நூல்கள் சிக்கிக்கொண்டு மழை பாதியில் தொங்கியது. கயிற்றுக்கு இரண்டு ஆள் போட முதலாளி சம்மதிக்கவில்லை. ஒரே ஆள், அதுவும் ஓடுகிற ஆள் வேண்டும் என்றார்.

தாயாக நடித்த பெரியக்காதான் வழி சொன்னார். "நான் நிறுத்திக்கறேன். அவன் வந்து சேர்றவரைக்கும் பேசாம நிக்கறேன். யாருக்குத் தெரியப் போகுது?" என்றார். அண்ணன் காலில் சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டார், இழுக்கும் சத்தம் கேட்காதிருக்க. அக்கா இடப்பக்கக் கதவைப் பார்த்து நிற்பதால் வலப்பக்கம் தெரியாது. அண்ணன் கயிற்றைப் பிடித்ததும் நான் ஒரு தட்டு தட்டுவேன். அக்கா பாடுவார், அந்தச் சொல்லில் மழை விழும். பத்தொன்பது வருடம் இப்படியே ஓடியது.

பிறகு சினிமாக் கம்பெனி நாடகத்தை வாங்கியது. படம் வெளியானபோது குழுவே காலைக் காட்சிக்குப் போனது.

பொய் சொல்ல மாட்டேன், படம் நன்றாகவே இருந்தது. எங்கள் மேடையில் ஆறு என்றால் நீலத் துணியை இரண்டு பேர் ஆட்டுவார்கள். படத்தில் நிஜ ஆறு, கரை தெரியாத ஆறு. எங்களிடம் இருந்தது ஒரு ஆர்மோனியமும் நானும். அங்கே நாற்பது வயலின். ஆனால் நாடகத்தில் மகனை நாங்கள் காட்டியதே இல்லை. படத்தில் அவன் பிணத்தைக் காட்டினார்கள், சேறோடு, மிக அருகில். எனக்கு எரிச்சல் வந்தது. அத்தனையும் காட்டிவிட்டால் பார்க்கிறவனுக்கு என்ன வேலை? அந்த இடமும் வந்தது. "வந்துட்டியா?" என்ற சொல் முடியுமுன் வயலின்கள் பாய்ந்தன. நாலே எண்ணிக்கை, அடுத்த வரி, கொட்டும் மழை. பக்கத்து இருக்கைக்காரர் தேம்பித் தேம்பி அழுதார்.

வெளியே வந்து அண்ணன் சொன்னது இதுதான்: "நல்லாத்தான்டா எடுத்திருக்காங்க. நிஜ மழை. இழுக்கறதுக்கு ஆளே வேண்டாம்." சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

படம் ஓடியதும் நாடகத்துக்கும் கூட்டம் வந்தது. வந்தவர்கள் எல்லாம் படத்தின் பாட்டை மனப்பாடமாகக் கொண்டுவந்தார்கள். அக்கா நிறுத்தினார். ஐந்து எண்ணியிருப்பேன், "ஸ்பீக்கர் புட்டுக்கிச்சா?" என்று ஒருவன் கத்தினான். அரங்கமே சிரித்தது. மறுநாளும் சிரித்தார்கள்.

முதலாளி கூடத்தில் எங்களை வரிசையாக நிற்க வைத்தார். இனி படத்தில் உள்ளபடியே பாட்டு. படத்தின் இசையைப் பதிவாகப் போட்டு அதன் மேல் பாட வேண்டும். ஆர்மோனியக்காரரை அனுப்பிவிட்டார். என் டிரம்ஸ் சாமான் அறைக்குப் போனது. பதிவைப் போடவும் நிறுத்தவும் ஒரு பொத்தானோடு என்னை மேசையில் உட்கார வைத்தார். நானும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கும் வயிறு இருக்கிறதே.

"உன்னால நாலுல போக முடியுமா?" என்று முதலாளி அண்ணனைக் கேட்டார்.

"முடியும் முதலாளி."

ஒரு வாரம் ஒத்திகை. பதினொன்று, ஒன்பது, எட்டு. எட்டுக்குக் கீழே இறங்கவே இல்லை. படுதாவுக்குப் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் மூச்சு வாங்குவதை அக்கா பார்த்துக்கொண்டே நின்றார். "தம்பி, இடுப்பு என்னத்துக்கு ஆகும்?" என்றார். "பேசாம இருங்கக்கா, வந்துடும்" என்று எரிந்து விழுந்தார் அண்ணன்.

ஞாயிற்றுக்கிழமை மாலைக் காட்சி. அக்கா "வந்துட்டியா?" என்றார். வயலின்கள் எழுந்தன. அண்ணன் சுவரைத் தூக்கிவிட்டு ஓடினார். ஓடினார் என்றுதான் சொல்ல வேண்டும். சாக்கைச் சுற்றவில்லை, தடதடவென்று ஓடினார். வயலின் இரைச்சலில் அது கேட்கவில்லை. மூன்றே முக்காலில் வலப்பக்கக் கயிறு அவர் கையில் இருந்தது. என் கண்ணால் பார்த்தேன்.

அக்கா பாடவில்லை. கதவைப் பார்த்தபடி நின்றார். அண்ணன் வந்து சேர்ந்திருக்க மாட்டார் என்று அக்காவுக்கு நிச்சயம். அக்கா வாய் திறக்காமல் மழையை இறக்க அண்ணனுக்கு வராது. அவர் கை பத்தொன்பது வருடம் அந்தச் சொல்லுக்குப் பழகியது. அவருக்காக இவர், இவருக்காக அவர். பதிவு யாருக்காகவும் நிற்கவில்லை, அது பாட்டுக்கு ஓடியது. பொத்தான் என் விரலுக்குக் கீழே இருந்தது. நிறுத்தியிருக்கலாம். மேசையை ஒரு தட்டு தட்டியிருந்தால்கூட அக்காவுக்குப் புரிந்திருக்கும். எனக்குக் கை ஓடவில்லை. முதலாளி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார், அந்தப் பயம்தான்.

பன்னிரண்டில் அக்கா பாடினார். மழை இறங்கியது. இசை அதற்குள் ஒரு வரி தாண்டிப் போயிருந்தது. "பாட்டு மறந்துபோச்சா பாட்டி?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். விசில் பறந்தது.

ஒப்பனை அறைக்குள் முதலாளி நெருப்பாக வந்தார். மழை தாமதமாக விழுந்ததை அவர் பார்த்திருந்தார். நேரே அண்ணனிடம் போனார். "எத்தனையில போய்ச் சேர்ந்த?"

"நாலுக்கே போயிட்டேன் முதலாளி!" என்றார் அண்ணன். முகமெல்லாம் வியர்வை, முகமெல்லாம் சந்தோஷம். "இவனைக் கேளுங்க! நாலு எண்ணி முடியலை, கயிறு என் கையில!"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

அப்போதுதான் அண்ணன் அக்காவைப் பார்த்தார். பாதி அழித்த அரிதாரத்தோடு அக்கா கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தார். அண்ணன் முகத்திலிருந்த சந்தோஷம் வடிந்து போனதை நான் பார்த்தேன். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

"அவன் சரியாத்தான் போயிருக்கான். நான்தான் மறந்துட்டேன். வயசாச்சு."

அந்த வாரமே வேறு பெண் வந்தாள். இளையவள், படத்துப் பாட்டைப் பிசிறில்லாமல் பாடினாள். அக்கா பெட்டி கட்டும்போது அண்ணன் வாசற்படியில் நின்று அழுதார். "நான் வேணும்னு சொல்லலைக்கா" என்றார்.

"நீ ஓடினதை நான் பார்க்கலையே தம்பி" என்றார் அக்கா. "முதுகைக் காட்டிட்டு நின்னுட்டேன் பாரு." அப்புறம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். எங்கே போனார் என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

அண்ணன் ஏழு மாதம் ஓடினார். ஒவ்வொரு காட்சியும் நாலு. எட்டாம் மாதம் ஒரு பிற்பகலில் படுதாவுக்குப் பின்னால் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. புது ஆள் வந்தான். பின்கட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். இப்போது அண்ணியின் தங்கை வீட்டில், சன்னலோரக் கட்டிலில் கிடக்கிறார். நான் மாதம் ஒருமுறை போகிறேன். அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவார்.

அண்ணன் அக்காவைப் பற்றி வேறெதுவும் பேசுவதில்லை. நான் கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொள்வார். பிடி இன்னும் தளரவில்லை.

"நான் உள்ளதைத்தானேடா சொன்னேன்?"

"ஆமாண்ணே" என்பேன். என்னிடம் பொத்தான் இருந்ததே, ஏன் நிறுத்தவில்லை என்று அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டால் உள்ளதைச் சொல்லும் தைரியம் எனக்குக் கிடையாது.