கடைசி வரி என்னுடையதல்ல

புரோகிராம் எழுதப் பழகுபவனுக்கு முதல் எதிரி கணினி இல்லை. வேறொருவர் எழுதி வைத்த லைப்ரரி, அதாவது நம் புரோகிராமில் சேர்த்துக்கொள்ளும் ஆயத்தக் கட்டளைத் தொகுப்பு. கேட்ட வேலையைச் செய்யும், உள்ளே என்ன இருக்கிறதென்று காட்டாது. அதனுடன் மாரடித்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

இடம் தெரியாத ஃபைல்

போரால் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத காலம். நீர்வேலியில் மாஸ்டர் ஒருவர் ஜெனரேட்டரை மண்ணெண்ணெயில் ஓட்டி, கணினி வகுப்பும் அச்சு வேலையும் நடத்தினார். நான் அங்கே கத்துக்குட்டி. தமிழ் எழுத்துகளைத் திரையிலும் தாளிலும் கொண்டுவரும் லைப்ரரியை எழுதியவர், எனக்கு முன் அங்கே வேலை செய்த குகனண்ணை. அதை ஒரு ஃபிளாப்பியில் விட்டுவிட்டு, கணினிச் சாமான் வாங்கக் கிளாலிக் கடலைப் படகில் தாண்டிக் கொழும்புக்குப் போனவரிடமிருந்து சேதியே இல்லை. அவர் மனைவி ரஞ்சியக்கா அங்கேயே டைப்பிங் படிப்பித்தார். வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டால் அவர் விரல்கள் நின்றுவிடும்.

ஃபிளாப்பியிலிருந்து ஃபைலை எடுத்துப் போட்டேன். அப்படியொன்றைக் காணவில்லை என்றது கணினி. பகல் முழுதும் அதே பதில். புரோகிராம் தேடும் டைரக்டரி ஒன்று, நான் போட்டது இன்னொன்று. மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "சாப்பாட்டைக் குசினிக்குள்ளை வைச்சிட்டு விருந்தாளியைக் கிணத்தடியிலை தேடவிட்டிருக்கிறீர்."

நான் எழுதாத வரி

ஒருவழியாக லைப்ரரி சேர்ந்தது. என் பெயரைத் தமிழில் கண்ட சந்தோஷத்தில் புரோகிராமை மூடினேன். திரையின் அடியில் 'போட்டு வாறன்' என்று வந்தது; போய்விட்டு வருகிறேன் என்பதன் எங்கள் ஊர்ப் பேச்சு. என் புரோகிராமில் அப்படியொரு வரியே இல்லை. லைப்ரரியை மூடும் கட்டளையைக் கூப்பிட்டால், அது தானாகச் சொல்கிறது. ரஞ்சியக்கா பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. "அது இவர்தான், தம்பி. படலையடியிலை நிண்டு உப்பிடித்தான் சொல்லிப்போட்டுப் போனவர்."

சண்டிலிப்பாய்க்காரர்

தகப்பனை இழந்த புகையிலைத் தோட்டக்காரர் ஒருவர் சண்டிலிப்பாயிலிருந்து மரண அறிவித்தல் அடிக்க வந்தார். அடித்துக் கொடுத்தேன். தாளின் அடியில் அந்த வரி. எந்த வீட்டிலிருந்து புறப்பட்டாலும் நாங்கள் அப்படித்தான் சொல்வோம்; செத்தவீட்டில் மட்டும் வாய் திறக்காமல் எழும்பி வருவோம். அவர் அந்த வரியில் விரலை வைத்தார். "அப்பு திரும்பி வந்து ஆரைக் கூட்டிக்கொண்டு போகப் போறார், தம்பி?"

வரியை எடுத்த பிறகு

மாஸ்டர் ஏசினார். மரண அறிவித்தலுக்கென்று தனிப் புரோகிராம் எழுதினேன். அதில் மூடும் கட்டளையே வைக்கவில்லை. பல செத்தவீடுகளுக்கு அடித்தோம். அந்த வரி வரவில்லை.

பிறகு ஒருநாள் குகனண்ணையின் தமையன் வந்தார். கிளாலியில் தம்பி ஏறிய படகு கவிழ்ந்ததாம், உடல் கிடைக்கவில்லையாம். காத்திருந்தது போதும், அறிவித்தலை அடியும் என்றார். ரஞ்சியக்கா பிரிண்டருக்குப் பக்கத்தில் வந்து நின்றார். குகனண்ணை செய்த எழுத்துகளைக் கொண்டே அவர் பெயரை அடித்தேன்.

முதல் தாள் முடிந்ததென்று எடுக்கக் கை நீட்டினேன். பிரிண்டர் இன்னொரு வரி அடித்தது. போட்டு வாறன்.

புரோகிராமைத் திறந்து மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். மூடும் கட்டளை அதில் இல்லை. ரஞ்சியக்கா தாளைக் கிழித்தெடுத்து, மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டார். "மிச்சத்தை அடியாதையும், தம்பி. வாறன் எண்டு சொல்லுற மனிசனுக்கு ஆரும் செத்தவீடு செய்யிறதே?"

ஒரு லைப்ரரியைச் சேர்க்க எனக்கு ஒரு பகல் போதுமாயிருந்தது. அதை எழுதியவரை வெளியே அனுப்பும் கட்டளையை இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை.