மாடசாமி போட்ட மிளகாய்ப் பாத்தி

நெய்வேலிக்கு வேலைக்கு வந்து எட்டு வருஷம் ஆகியும் மாடசாமி தன் குவார்ட்டர்ஸின் பின்பக்கம் ஒரு செடிகூட வைத்ததில்லை. அக்கம்பக்கத்து வீடுகளில் வாழையும் முருங்கையும் நின்றன. அவன் வீட்டுக்குப் பின்னால் அருகம்புல்லும் துணி காயப்போடும் கம்பியும்தான். சங்கரன்கோவிலில் டீக்கடை வைத்திருந்தவரின் மகன் அவன். மண்வெட்டி பிடித்துப் பழக்கமில்லை. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஆபரேட்டர். ஷிஃப்ட் முழுக்க ஓடும் பெல்ட்டைப் பார்த்துவிட்டு வருகிறவனுக்கு, வீட்டில் காலை நீட்ட ஓர் இடம் கிடைத்தால் போதும்.

அவன் மனைவி பாப்பா, விளாத்திகுளம் பக்கம் கரிசல்காட்டில் மிளகாய் போடுகிற குடும்பத்துப் பெண். ஆனால் அவளும் இங்கே எதையும் நடவில்லை. "செங்கல்லப் பொடிச்சுக் கொட்டுன மாதிரி இருக்கு. இதெல்லாம் ஒரு மண்ணா?" என்று வந்த வாரமே சொல்லிவிட்டாள்.

எழுபதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசியில் பாப்பாவுக்கு ஏழாம் மாசத்திலேயே வலி கண்டது. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத் தங்கிய குழந்தை. அழாமலே பிறந்தது. செகண்ட் ஷிஃப்டிலிருந்து ஆள் சொல்லி ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த மாடசாமியிடம், பெண் குழந்தை என்று சொல்லி, வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். அவன்தான் கொண்டுபோய்ப் புதைத்தான். துணியை விலக்கிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு பாப்பா பேசுவதை நிறுத்திவிட்டாள். கோபமெல்லாம் இல்லை. சோறு பொங்கினாள், அவன் சட்டையைத் துவைத்துப் போட்டாள், கேட்டதற்குத் தலையசைத்தாள். வேலை முடிந்ததும் அடுப்படி ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொள்வாள். ஊரிலிருந்து அவள் அம்மா வந்து ஒரு மாதம் இருந்து பார்த்தாள். கிளம்பும்போது, "மழை விட்டதும் சரியாயிருவா மாப்ளே" என்றாள்.

மழை விடவில்லை. கார்த்திகையோடு ஓய வேண்டியது தை பிறந்தும் தூறிக்கொண்டிருந்தது. காலையில் எதிர்வீடு தெரியாத பனி. மத்தியானம் மேகம் கவிந்து, சாயங்காலம் மறுபடி தூறல். துவைத்த துணியை லெக்கோ கரி அடுப்புக்குப் பக்கத்தில் விரித்துக் காயவைத்தார்கள். மாடசாமி வேலைக்குப் போகும்போதும் பாப்பா ஜன்னலோரம் இருந்தாள், வரும்போதும் அங்கேயே இருந்தாள்.

அவர்கள் பிளாக்குக்குத் தயிர் கொண்டுவருகிறவள் அம்சவல்லி. பக்கத்துக் கிராமத்துக்காரி, பாப்பா வயசுதான் இருக்கும். ஒருநாள் வாசலில் மாடசாமியை நிறுத்தினாள்.

"இன்னாங்க, அம்மா இப்படியே பேசாம குந்திகினு இருக்குது? எங்க வூட்டுல மொளகா நாத்து மிச்சம் கெடக்குது. கொண்டாரேன், நடச் சொல்லுங்க. கைக்கு வேல இருந்தா மனசு கொஞ்சம் ஆறுங்க."

மறுநாளே ஈரச்சாக்கில் சுற்றி நாற்றுக்கட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். பாப்பா அதை வாங்கி அடுப்படி மூலையில் வைத்தாள். அப்புறம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு நாளில் இலைகள் தொங்கிப்போயின.

வாராந்திர லீவு வந்தது. மாடசாமி பக்கத்து வீட்டில் மண்வெட்டி கடன் வாங்கிக்கொண்டு பின்பக்கம் இறங்கினான். சேத்தியாத்தோப்புப் பக்கம் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியே நடவு பார்த்திருக்கிறான். அவனுக்குத் தெரிந்த விவசாயம் அவ்வளவுதான். ஒரு குழி வெட்டினான். மழைத்தண்ணீர் வந்து நிறைந்ததும் காலால் மிதித்துச் சேறாக்கினான். குனிந்து, நாற்றை நாலு நாலாகப் பிடித்து அந்தச் சேற்றில் அழுத்தினான். லுங்கியெல்லாம் சிவப்பாகிவிட்டது. இரண்டு வரிசை முடித்திருப்பான்.

"ஏங்க!"

நிமிர்ந்தான். பின்வாசல் படியில் பாப்பா நின்றிருந்தாள்.

"என்ன செய்றீக நீங்க? அது என்ன நெல்லா? தண்ணிக்குள்ள மொளகாய நட்டா அழுகியில்ல போகும்!"

மூன்று மாசத்தில் அவள் வாயிலிருந்து இத்தனை வார்த்தை வந்து அவன் கேட்டதில்லை. கையில் நாற்றோடு சேற்றிலிருந்து காலை உருவிக்கொண்டான்.

"எனக்குத் தெரியாதே பாப்பா. நீ சொல்லு, செய்றேன்."

"சொன்னாச் செஞ்சு கிழிச்சிருவீக. தள்ளுங்க."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். நட்டதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கி வேரைக் கழுவினாள். மண்வெட்டியை வாங்கி, குழிக்குப் பக்கத்திலேயே மண்ணை ஒரு முழ உயரம் மேடாக அணைத்தாள். தண்ணீர் வடிய வேலியோரம் ஒரு வாய்க்கால் இழுத்துவிட்டு, நாற்றை ஒவ்வொன்றாக மேட்டில் நட ஆரம்பித்தாள். தூறல் வலுத்தது. உடம்பு தேறாத இவள் நனைகிறாளே என்று மாடசாமி உள்ளே ஓடிக் குடையை எடுத்துவந்து அவள் தலைக்கு மேல் பிடித்தான்.

"எனக்கு எதுக்குக் குடை? நாத்துக்குப் பிடிங்க" என்றாள்.

அவன் குடையை நாற்றுக்குப் பிடித்தான். இருவரும் நனைந்தார்கள்.

அதற்குப் பிறகு அவள் ஜன்னலோரம் உட்காரவில்லை. மழை விட்ட நேரமெல்லாம் பாத்தியில் இருந்தாள். அடுப்புச் சாம்பலைச் சலித்து இலையில் தூவினாள். அம்சவல்லி வந்தால் படியில் உட்காரவைத்து இந்த மண்ணைப் பற்றிக் கேட்டுக்கொண்டாள். எவ்வளவு ஆழத்தில் களி வரும், எரு எப்போது போடுவது என்றெல்லாம். மாடசாமியிடம் வேண்டியதை மட்டும் பேசினாள். அதுவே அவனுக்குப் பெரிதாக இருந்தது.

மாசியில் மூன்று நாள் அடைமழை. நாலாம் நாள் காலை ஷிஃப்ட் முடிந்து மாடசாமி வந்தபோது வீடு திறந்து கிடந்தது. பின்னால் போய்ப் பார்த்தான். வாய்க்கால் தூர்ந்து பாத்தியில் பாதி கரைந்து போயிருந்தது. செடிகள் வேர் தெரியச் சாய்ந்து கிடந்தன. பாப்பா சேற்றிலேயே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். ஐப்பசியில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள்.

அழாதே என்று அவன் சொல்லவில்லை. வேலைக்குப் போட்ட பேண்ட்டோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். செடிக்காக அழவில்லை என்று அவனுக்குத் தெரிந்தது.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள். "நீங்க அது மூஞ்சியப் பாத்தீகளா?"

"இல்ல. துணியத் தூக்கிப் பார்க்க முடியல என்னால."

"நான் பாத்தேன்."

பக்கத்து வீட்டில் யாரோ துணி துவைக்கிற சத்தம் கேட்டது. மாடசாமி அவள் பக்கம் திரும்பினான்.

"யாரு மாதிரி இருந்துச்சு?"

"மூக்கெல்லாம் எங்கம்மா. காது மட்டும் ஒங்களது. அப்படியே, இந்தா இப்படி விரிச்சுக்கிட்டு." சேறு படிந்த கையால் அவன் காது மடலைத் தொட்டுக் காட்டினாள். மாடசாமி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் அழுததைப் பாப்பா பார்த்தது அன்றைக்குத்தான்.

அப்புறம் அவள்தான் முதலில் எழுந்தாள். பிழைக்கக்கூடியதை மட்டும் நிமிர்த்தி மண் அணைத்தாள். பத்தொன்பது செடி தேறியது. பங்குனி வெயிலில் அவை பூத்துக் காய்த்தன. முதல் பறிப்பை முறத்தில் எடுத்துக்கொண்டு, அதுவரை ஏறாத வீட்டுப் படியெல்லாம் ஏறி ஆளுக்குக் கைப்பிடி கொடுத்துவிட்டு வந்தாள். அம்சவல்லிக்கு மடி நிறையக் கொடுத்தாள்.

அவர்களுக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை. சில ராத்திரிகளில் பாப்பா இன்னும் தூங்காமல் படுத்திருப்பாள். அப்போதெல்லாம் மாடசாமியும் விழித்திருந்து ஏதாவது பேசிக்கொண்டிருப்பான். பின்பக்கம் கத்திரி, வெண்டை, புடலை என்று வருஷத்துக்கு வருஷம் வேலி வரைக்கும் போனது.

எண்பத்து நாலில் அவனுக்குப் புரமோஷன் வந்தது. வேறு பிளாக்கில் பெரிய குவார்ட்டர்ஸ். இருவரும் போய்ப் பார்த்தார்கள். கூடுதலாக ஓர் அறை, நல்ல காற்று. பின்பக்கம் முழுக்க யாரோ சிமெண்ட் தளம் போட்டிருந்தார்கள். பாப்பா அந்தத் தளத்தைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு வந்து பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள்.

மறுநாள் மாடசாமி வேண்டாமென்று எழுதிக் கொடுத்தான். ஆபீஸில் இருந்த ஜெயராமன் தாளை இரண்டு தரம் படித்துவிட்டு, "பெரிய வீடு வேணாம்னு எழுதுன ஆளு நீங்க ஒருத்தர்தான்யா. என்ன காரணம்?" என்றார்.

"வீட்டுப் பின்னால அவரைக்கொடி இப்பத்தான் பூ வச்சிருக்கு சார்" என்றான் மாடசாமி.