நாகப்பட்டினம் கப்பலில் வந்த லண்டன் இருளப்பன்

அச்சுக்கூடத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகைக்குப் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். டிராம் கண்டக்டர் சாமிக்கண்ணு வந்து உள்ளே நுழையாமல் வாசலிலேயே நின்றார். "இருளப்பன் போய்ட்டாண்ணே. டிப்போவுல நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்தான், எந்திரிக்கல" என்றார். பத்திரிகையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

பினாங்கு பத்து லஞ்சாங் சுடுகாட்டில் சிதை எரிந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் என் காதில் விழும்படி சொன்னார்: "லண்டனப் பாக்காமலே லண்டன் இருளப்பன்னு பேரு வாங்கிட்டான் பாருலா." இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்களுக்காகவும், அவனை அறிந்த உங்கள் எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன். அவன் என்னைவிட இளையவன். உயிரோடு இருந்தவரை 'அவன்' என்றே சொன்னேன், செத்துப்போனதற்காக மாற்றப்போவதில்லை.

துறைமுகத்துக்கும் ஆயர் ஈத்தாமுக்கும் நடுவே டிராம் ஓட்டியவன் இருளப்பன். தண்டவாளம் விட்ட வழியே போய்வந்துகொண்டிருந்தவன், ஒருநாள் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, அதன் பக்கத்தில் ஆள் உட்காரும் சைட்கார் ஒன்றையும் பூட்டி, லண்டன் வரை ஓட்டப்போகிறேன் என்றான். அந்தச் சைட்காரை நாங்கள் தொட்டி என்போம். தொட்டியில் உட்கார்ந்து போகச் சம்மதித்த பைத்தியக்காரன் நான். செய்தி பரவியதும், மோட்டார் வண்டி விற்கும் கடைத் துரை ஒருவர் புது வண்டியே தருவதாகச் சொல்லியனுப்பினார். ஒரு நிபந்தனை மட்டும்: ஓட்டுவது அவருடைய வெள்ளைக்கார உதவியாளர், இருளப்பன் தொட்டியில் உட்கார்ந்து பழுது பார்த்துவர வேண்டும். "தொட்டியில ஏற்கனவே ஆள் இருக்குங்க துரை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

தீவில் பிறந்தவன் நெடும்பயணத்துக்கு எங்கே போய்ப் பழகுவது? தீவையேதான் சுற்றினோம். லீவு கிடைத்த நாளெல்லாம் சுற்றினோம். ஊரில் எங்களுக்குச் செக்குமாடுகள் என்று பெயர். பாலிக் பூலாவ் மலைப்பாதையில், மழை கொட்டும் நேரமாகப் பார்த்து வண்டியை நிறுத்துவான். நல்ல டயரைக் கழற்றி மறுபடி மாட்டச் சொல்வான். அங்கே டுரியான் விற்கும் மலாய்க்கார அம்மாள் தன் நெற்றியருகே விரலைச் சுழற்றி, "கிலா!" என்பாள், பைத்தியங்கள் என்று. "ஆமாக்கா, ரெண்டு பேருமே கிலாதான்லா" என்று தமிழிலேயே பதில் சொல்லிவிட்டு, அவளிடமே பழம் வாங்கி எனக்குத் தருவான்.

தண்ணீர்மலைக் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு, தைப்பூசம் முடிந்த கையோடு புறப்பட்டோம். நாகப்பட்டினம் வரை கப்பல். அங்கிருந்து சென்னை, டில்லி, லாகூர் என்று ஓட்டி, பலுசிஸ்தானத்துக் குவெட்டாவை அடைந்தோம். அதற்கப்பால் பாலைவனம், பாரசீகம். குவெட்டாவில் எனக்கு விஷக்காய்ச்சல் கண்டது. வாரக்கணக்கில் படுக்கையை விட்டு எழக்கூடாது என்றார் டாக்டர். பாலைவனத்தில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. காத்திருந்தால் பயணம் அவ்வளவுதான். அவன் ஊருக்குத் திரும்பும் யோசனையில் என் கட்டிலருகே நின்றான். நான்தான் கத்தினேன். "நான் படுத்திருக்கிறதுக்கு நீ எதுக்குடா காவல்? கடைத் துரை சிரிக்கிறதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தோம்? போடா!"

மறுநாள் தொட்டியைக் கழற்றி, ஆஸ்பத்திரி வராந்தாவில் என் ஜன்னலுக்கு நேராக வைத்தான். "இது இங்கேயே இருக்கட்டும்ணே. வர்றேன்" என்றான். உடம்பு தேறிய பிறகு, டாக்டருக்கு எழுத்து வேலை பார்த்துக்கொண்டு நான் அங்கேயே இருந்தேன்.

இங்கே நடந்தது உங்களுக்குத் தெரியும். லண்டனில் பயணத்தை முடித்து, தபால் கப்பலில் நேரே பினாங்குக்கு வருவதாகத்தான் ஏற்பாடு. நம் சங்கத்தார் மேளமும் மாலையுமாகத் துறைமுகத்தில் நின்றார்கள். கப்பல் கப்பலாகப் பார்த்தார்கள். மாலை வாடியதுதான் மிச்சம். அடுத்த தைப்பூசமும் போன பிறகு, தோட்டத்துக்கு வரும் கூலியாட்களோடு நாகப்பட்டினம் கப்பலின் மேல்தளத்தில் வந்து, ஜெரெஜாக் தீவில் நோய்க்காவலில் கிடந்து, நாங்கள் இருவரும் கரையேறினோம். அன்றே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள்: லண்டனிலிருந்து வருகிறவன் தபால் கப்பலில் வருவான், இவன் நாகப்பட்டினத்துப் பக்கமே எங்கோ ஒளிந்திருந்துவிட்டு வந்திருக்கிறான்.

சங்கத்துப் பெரியவர் ஒருவர் பாஸ்போர்ட்டைக் காட்டச் சொன்னார். இருளப்பன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "டிராம்ல ஏறுறவன்தான்யா டிக்கெட் காட்டணும். நான் ஓட்டுறவன்."

வெளியே வந்ததும் எனக்கு ஆத்திரம். "காட்டித் தொலையேன்டா!" என்றேன்.

"காட்டுனா, அப்புறம் ஏன் அந்தக் கப்பல்ல வந்தேன்னு கேப்பானுங்க. படுத்த படுக்கையா கெடந்த கூட்டாளிய விட்டுட்டா போனேன்னு அடுத்த கேள்வி வரும். ஒங்களப் பத்தி நான் எவன்கிட்டயும் பேச மாட்டேன். நீங்களும் வாயத் தொறக்கக் கூடாதுண்ணே."

திறக்கவில்லை. இன்று என்னைத் தடுக்க அவன் இல்லை, திறக்கிறேன்.

அவன் லண்டன் போனான். ஓட்டியே போனான். அங்கிருந்து கப்பல் ஏறியிருந்தால் நீங்கள் கட்டிவைத்த மாலை அவன் கழுத்தில் விழுந்திருக்கும். அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு, போன பாதை முழுவதையும், அந்தப் பாலைவனத்தையும் மறுபடி கடந்து வந்தான். குவெட்டா வராந்தாவில் வந்து நின்றவனை எனக்கு அடையாளமே தெரியவில்லை. முகமெல்லாம் தோல் உரிந்திருந்தது. உதடு வெடித்திருந்தது.

"லண்டன் எப்படிடா இருந்துச்சு?"

"குளிருண்ணே. தொட்டி இல்லாம வண்டி ஒரு பக்கமாவே இழுத்துச்சு."

தண்ணீர்கூடக் குடிக்காமல், குத்தவைத்து உட்கார்ந்து தொட்டியை வண்டியோடு பூட்ட ஆரம்பித்தான். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

வண்டியைப் பிறகு விற்றுவிட்டான். தொட்டி என் வீட்டு வாசலில் இருக்கிறது. அவனுடையதென்று எனக்கு மிஞ்சியது அதுதான். யார் கேட்டாலும் தரமாட்டேன். லண்டனுக்குப் போனவன் ஏன் தபால் கப்பலில் வரவில்லை என்று இனியும் கேட்கிறவர்கள் என் வாசலுக்கு வரட்டும். தொட்டியைக் காட்டிப் பதில் சொல்கிறேன். அவன் என்னைக் கூட்டிப்போக வந்தான். குவெட்டாவுக்குக் கப்பல் கிடையாது, ஐயா.