அறுபத்தொன்றாம் எண்ணுக்கு இருபதாவது போன்

கட்டுரை அச்சாகி வந்துவிட்டது. ஒன்பது பக்கம். சிறுநீர்ப்பையில் இருக்கும் புற்றுக்கட்டியைச் சுரண்டி எடுத்தபின் உள்ளே மருந்து விட்டால், கட்டி திரும்ப வருவது குறைகிறதா என்று எங்கள் டாக்டர் எண்பத்து நான்கு பேரை ஐந்து வருடம் பார்த்து எழுதியது. மூன்றாம் பக்கத்தில் "தொடர்பு விட்டுப்போனவர்கள்: யாருமில்லை" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரிக்குப் பாடுபட்டவள் நான். என் பெயர் எங்கேயும் இல்லை, போகட்டும்.

என் வேலை போன் போடுவது. ஆஸ்பத்திரி மாடிப்படிக்கு அடியில் ஒரு மேஜை, ஒரு போன், எண் போட்ட கோப்புகள். ஒவ்வொருவரையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு ஆறு கேள்வி கேட்க வேண்டும். ரத்தம் போனதா, எரிச்சல் உண்டா, ராத்திரி எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள், இப்படி. ஆளுக்கு இருபது போன். முக்கால்வாசிப் பேர் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் மாதிரி பதில் சொல்லி வைத்துவிடுவார்கள். அறுபத்தொன்றாம் எண் மட்டும் வேறு ரகம்.

சாயப்பட்டறையில் முப்பத்தெட்டு வருடம் துணி முக்கி எடுத்தவர். நோய்க்கு அந்தச் சாயமே காரணமாக இருக்கலாம் என்பார் டாக்டர். மனைவி போய்ச் சேர்ந்தாயிற்று, மகன் எங்கோ தூரத்தில். "ரத்தம் ஏதும் போச்சுங்களா ஐயா?" என்றால், "எந்தச் செவப்பைக் கேக்குறே? கையில இருக்கறது கணக்குல வராதுல்ல?" என்பார். ஆறு கேள்விக்கு நாற்பது நிமிடம்! முதல் வருடம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டாம் வருடம் அவரை மத்தியானத்துக்கு மாற்றிக்கொண்டேன், அப்போதுதான் அவசரமில்லாமல் பேசலாம் என்று. போனை எடுத்ததும் "சாப்ட்டியாம்மா?" என்பார். என் வீட்டில் அப்படிக் கேட்க ஆள் கிடையாது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஒரு வார்த்தைக்காக மூன்று மாதமும் நாள் எண்ணியிருக்கிறேன்.

பத்தொன்பதாவது போனில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "அடுத்த தடவையோட முடியுதுங்க ஐயா, அப்புறம் என் தொல்லை விட்டுது" என்றேன். எதற்கெடுத்தாலும் சிரிக்கிற மனிதர், அன்றைக்குச் சிரிக்கவில்லை.

இருபதாவது போனை அவர் எடுக்கவேயில்லை. காலையில் அடித்தேன், மத்தியானம் அடித்தேன், சாயங்காலம் கிளம்பும்முன் அடித்தேன். பதினோரு நாள் இதே கதை. டாக்டர் படியிறங்கி வந்து, "இன்னிக்குக் கணக்கை மூடணும். கிடைக்கலேன்னா தொடர்பு இல்லைன்னு போட்டுடுங்க" என்றார்.

"இருக்காரா இல்லையான்னே தெரியாம எப்படி டாக்டர் போடறது?"

நடுவில் இறந்துபோன ஒன்பது பேருக்குக்கூடக் கோப்பில் ஒரு தேதி இருக்கிறது. இவருக்கு அதுவும் இல்லாமல் போவதா? என் கை சும்மா இருக்கவில்லை. "உங்க செல்லைக் குடுங்க டாக்டர்" என்று ஏறக்குறையப் பிடுங்கினேன். தெரியாத நம்பர் என்பதாலோ என்னவோ, இரண்டாவது மணியிலேயே "அலோ?" என்றது அந்தக் குரல்.

"ஐயா! உயிரோடதான் இருக்கீங்களா?"

"அடடா, மாட்டிக்கிட்டேனே" என்றார்.

"பதினோரு நாளா எனக்கு உசுரு போயி உசுரு வருது! மணி அடிச்சது காதுல விழலையா?"

"விழுந்துச்சும்மா. பக்கத்துலயேதான் உக்காந்திருந்தேன்."

"அப்ப எடுக்கறதுக்கு என்னவாம்?"

"எடுத்தா முடிஞ்சு போயிருமே. எடுக்கலேன்னா நாளைக்கும் கூப்பிடுவேல்ல."

டாக்டர் பார்க்கிறார் என்றுகூடப் பாராமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேள்வித்தாளை எடுத்தேன். ஒவ்வொன்றாக, மெதுவாகக் கேட்டேன். ரத்தம் இல்லை. எரிச்சல் இல்லை. ராத்திரி இரண்டு முறை. ஆறாவதும் முடிந்தது.

"பின்பக்கம் திருப்பிப் பாரும்மா, இன்னொண்ணு இருக்கும்" என்றார்.

திருப்பினேன். வெறும் வெள்ளைத்தாள்.

"ஆமாங்க ஐயா, இருக்கு" என்றேன். "சாப்ட்டீங்களா?"