மணல் திட்டில் நாற்பத்தொரு நாள்

மக்தலேனா ஆற்றில் படகு மணலில் ஏறி நின்றுவிட்டால் ‘பராதோ’ என்பார்கள். நடுரோட்டில் லாரி நின்றுபோனாலும் அதே சொல்தான். வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருப்பவனும் பராதோதான். அதில் ஏளனம் இருக்காது. காய்ச்சலாய்க் கிடக்கிறான் என்பதுபோலச் சொல்வார்கள்.

எவாரிஸ்தோ பதினாறு வயதிலிருந்தே சரக்கு மிதவைகளின் முனையில் நின்று, கழியை விட்டு ஆழம் பார்த்துச் சொல்லிவருபவர். இப்போது ஐம்பத்தேழு. மனைவி இறந்து ஆறு வருடம். மகள் பர்ராங்கியா நகரத்தில், கணவன் வீட்டாரோடு.

அந்தப் பிப்ரவரியில் ஆறு வற்றிக் கிடந்தது. அவர் கத்திச் சொல்லியும் கேப்டன் திருப்பத் தாமதித்துவிட்டான். நிலக்கரி மிதவை ஒன்று மணலில் ஏறிவிட்டது. இழுவைப் படகு இரண்டு நாள் இழுத்தும் அசையவில்லை.

“யாராவது காவலுக்கு இருக்கணும். வீட்ல உங்களுக்காகக் காத்திருக்க ஆளும் இல்லையே அண்ணே,” என்றான் கேப்டன்.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எவாரிஸ்தோ தலையாட்டினார். அரிசி, வெல்லம், காப்பித்தூள், ஒரு தார்ப்பாய் இவற்றோடு அவரை விட்டுவிட்டு இழுவைப் படகு போய்விட்டது.

போனில் சிக்னல் இல்லை. காலையில் பழக்கத்தில் கழியை விட்டு, “மூணு அடி” என்று உரக்கச் சொல்வார். கேட்க ஆளில்லை.

தினமும் ஒருத்தி மட்டும் மீன் விற்க, கொஞ்ச தூரத்துத் துறையிலிருந்து மோட்டார் படகில் அந்த வழியாகப் போனாள். படகின் பக்கத்தில் ‘டெல்ஃபினா’ என்று எழுதியிருந்தது.

“என்ன பராதோ, உயிரோட இருக்கியா?”

“இருக்கேன். இன்னிக்கு என்ன மீன்?”

“முள்ளு மீன்தான். மெதுவாத் தின்னு, உனக்கென்ன அவசரம்?”

அவர் ஒரு தம்ளர் காப்பி கொடுப்பார். குடித்ததும் போய்விடுவாள், ஐந்து நிமிஷம்தான். மறுநாள் அவளிடம் என்ன பேசலாம் என்று பகலெல்லாம் யோசித்து வைப்பார். அவள் வந்ததும் மறந்துவிடும்.

முப்பத்தாறாம் நாள் அவள் வரவில்லை. அடுத்தடுத்த நாளும் இல்லை. மிதவையை விட்டு நகர முடியாமல் அவர் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தொன்றாம் நாள் ஆற்றின் மேல்பகுதியில் பெய்த மழையில் ஆறு ஏறியது, இழுவைப் படகும் வந்தது.

“மீன்காரி வர்ற அந்தத் துறையில அஞ்சு நிமிஷம் நிறுத்தேன்,” என்றார் கேப்டனிடம்.

“தண்ணி இருக்கும்போதே தாண்டணும் அண்ணே. நின்னா நாமளும் பராதோதான்.”

ஏப்ரலில் லீவு கிடைத்ததும், காப்பிப் பொட்டலம் ஒன்று வாங்கிக்கொண்டு பஸ்ஸும் படகும் மாறி அந்தத் துறைக்குப் போனார். வாசலில் வாழைக்காய் வறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், மீன் விற்கிற டெல்ஃபினா வீடு எது என்று கேட்டார்.

“டெல்ஃபினா செத்துப் பத்து வருஷமாச்சே. நீங்க கேக்குறது அவ மகளை. பேரு ஒனைதா. கண் ஆபரேஷனுக்கு அவ புள்ள டவுனுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கான். திரும்புவாளோ என்னவோ. யார் வந்ததாச் சொல்ல?”

“பராதோ வந்துட்டுப் போனான்னு சொல்லுங்க.”

அவள் சிரித்தாள். “இங்க பாதி ஊரு பராதோதான். பேரைச் சொல்லுங்க.”

“எவாரிஸ்தோ. ஆனா அவளுக்கு அது தெரியாது.”

பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுத் துறைக்கு வந்தார். திரும்பும் படகுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. மரத்தடியில் ஒரு பெஞ்சு காலியாக இருந்தது. போய் உட்கார்ந்தார்.